இங்கிலாந்தில் ஃபிளாட்டை விற்று வீடு வாங்குகிறோம். "நீங்கள் செயினில் இருக்கிறீர்கள்" என்கிறார் ஏஜென்ட். மூன்று மாதமாக எதுவும் நகரவில்லை. செயின் என்றால் என்ன? மாமியார் நல்ல நாள் பார்க்கிறார். குடிபோகும் நாளை நாமே குறிக்க முடியாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. உங்கள் மாமியாரிடம் இன்றே சொல்லிவைத்துவிடுங்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

மூன்று வருடத்துக்கு முன் நாங்களும் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை விற்றுவிட்டு மூன்று படுக்கையறை வீட்டுக்கு மாறினோம். ஒரு செயின் அறுந்து, இரண்டாவது செயினில்தான் கரையேறினோம். ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டு, சொன்ன தேதிக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நிற்பதைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்த ஊர் முறை பிடிபடவே நாளாயிற்று.

இங்கே சொந்த வீட்டில் இருப்பவர்கள் பலருக்கும் பழைய வீடு விற்ற காசுதான் புது வீட்டுக்கான காசு. பழைய கடனை அடைத்தால்தான் புதுக் கடன். அதனால் விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடந்தாக வேண்டும். உங்களுக்கு விற்பவருக்கும் அதே நிலைமை, உங்களிடம் வாங்குபவருக்கும் அதே நிலைமை. இப்படிக் கோத்துக்கொண்டே போவதுதான் செயின்.

எங்கள் இரண்டாவது செயினையே சொல்கிறேன். அடியில் ஓர் இளைஞர், முதல் வீடு வாங்குபவர், விற்க ஒன்றும் இல்லாதவர். அவர் ஒரு சின்ன ஃபிளாட்டை ஒரு தம்பதியிடம் வாங்குகிறார். அந்தத் தம்பதி எங்கள் ஃபிளாட்டை வாங்குகிறார்கள். நாங்கள் ஒரு குடும்பத்தின் வீட்டை வாங்குகிறோம். அந்தக் குடும்பம் ஒரு மூதாட்டியின் பெரிய வீட்டை வாங்குகிறது. மூதாட்டி மகள் வீட்டோடு போய்விடுகிறார், எதுவும் வாங்கவில்லை. அங்கே செயின் முடிகிறது. நான்கு வீடு, ஐந்து குடும்பம், ஆளுக்கொரு சொலிசிட்டர் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) என்று ஐந்து சொலிசிட்டர். இதில் யார் ஒருவருடைய காகிதம் தாமதமானாலும் மற்ற நாலு பேரும் காத்திருக்க வேண்டும். தேரில் ஒரு சக்கரத்துக்குக் கட்டை போட்டால் தேர் மொத்தமும் நிற்கும் அல்லவா, அதேதான்.

சரி, நாம் கேட்ட விலையை, அதாவது ஆஃபரை, விற்பவர் ஏற்றுக்கொண்டாரே, அதற்கு மதிப்பில்லையா? சட்டப்படி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்த ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் கட்டத்துக்குத்தான் 'எக்ஸ்சேஞ்ச்' என்று பெயர். அதுவரை எல்லாமே வாய்ப்பேச்சு. விற்பவர் கூடுதல் விலைக்கு இன்னொருவரிடம் போகலாம், அதை 'கஸம்பிங்' என்பார்கள். வாங்குபவர் கடைசி நேரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அது 'கஸண்டரிங்'. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே எவ்வளவு சகஜம் என்று தெரிந்துகொள்ளலாம். ஸ்காட்லாந்தில் சொலிசிட்டர்கள் வழியாகவே ஆஃபர் போய், கடிதப் பரிமாற்றம் முடிந்ததுமே இரு தரப்பும் கட்டுப்பட்டுவிடுகிறார்கள். அங்கே இருக்கும் நண்பன் என் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

எங்கள் முதல் செயின் அறுந்தது இப்படித்தான். அடியில் இருந்தவருக்கு வேலை போயிற்று, தருவதாகச் சொன்ன கடனை வங்கி தர மறுத்துவிட்டது. எங்களிடம் வாங்க இருந்தவர்கள் வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. நாங்கள் வாங்க இருந்த வீட்டுக்காரர் காத்திருக்க மனமில்லாமல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த வீட்டுக்காக நாங்கள் செய்த சர்வே (கட்டடப் பரிசோதனை), உள்ளாட்சி கவுன்சிலிடம் வாங்கிய 'சர்ச்' (தேடல்) அறிக்கை, சொலிசிட்டர் செய்த வேலை எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் போயிற்று. கேட்க நாதியில்லை. யார் மீதும் தப்பு இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

மூன்று மாதமாக நகரவில்லை என்கிறீர்கள். உங்கள் சொலிசிட்டரைத் திட்டும் முன் ஏஜென்ட்டிடம் செயின் முழுவதையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். மொத்தம் எத்தனை பேர், அடியில் இருப்பவருக்கு மார்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக் கடன் தருவதாக வங்கி எழுதித் தரும் கடிதம்) கைக்கு வந்துவிட்டதா, உச்சியில் இருப்பவர் போக இடம் பார்த்துவிட்டாரா, இறந்தவர் வீடு ஏதாவது புரோபேட்டுக்கு (அதை விற்கத் தேவையான சட்ட அனுமதி) காத்திருக்கிறதா, லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை உரிமை) வீடுகள் எத்தனை என்று கேளுங்கள். உச்சியில் இருப்பவர் "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் உங்கள் செயின் இன்னும் கட்டி முடிக்கப்படவே இல்லை என்று அர்த்தம். மூன்று மாதம் நகராததற்கு அது ஒன்றே போதும்.

லீஸ்ஹோல்ட் பற்றிக் கேட்டது சும்மா இல்லை. ஃபிளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட்தான். அவற்றை விற்பவர்கள், கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜென்ட்டிடம் பராமரிப்புக் கட்டணம், காப்பீடு, வரப்போகும் பெரிய செலவுகள் அடங்கிய ஒரு கட்டுக் காகிதம் வாங்கித் தர வேண்டும். பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். "யாருடா இந்தச் செயினை இழுத்தடிக்கிறது" என்று நான் வீட்டில் கத்திக்கொண்டிருந்த மூன்று வாரமும் அந்தக் கட்டு வராமல் இழுத்தடித்தது நாங்கள்தான். உங்களுடையதும் ஃபிளாட் என்பதால் சொல்கிறேன், அது வந்துவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். மார்ட்கேஜ் ஆஃபருக்கும் காலாவதித் தேதி உண்டு, அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் மதிப்பீடு. எங்கள் இரண்டாவது செயினில் அடியில் இருந்த இளைஞர் வாங்கும் ஃபிளாட்டை, பேசிய விலையைவிட 6,000 பவுண்டு குறைவாக மதிப்பிட்டது அவருக்குக் கடன் தரும் வங்கி. அவரிடம் கையில் காசில்லை. மறுபடியும் அறுந்தது என்றே நினைத்தேன். ஏஜென்ட் வரிசையாக எல்லோருக்கும் போன் போட்டார். தம்பதி அவருக்கு 6,000 குறைத்தார்கள். நாங்கள் தம்பதிக்கு 4,500 குறைத்தோம். எங்களுக்கு விற்றவர்கள் 3,000 குறைத்தார்கள், மூதாட்டி அவர்களுக்கு 1,500 குறைத்தார். கணக்குப் போட்டால் ஆளுக்கு 1,500. முகம் தெரியாத ஒரு பையனுக்கு நாலு குடும்பம் மொய் எழுதியது போல. செயினில் இருக்கும்போது உங்கள் வீட்டு விலை மட்டும் உங்கள் கவலை இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எல்லோருடைய காகிதமும் தயாரானால் எக்ஸ்சேஞ்ச். ஒருநாள் காலையில் சொலிசிட்டர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து, "இத்தனை மணிக்குள் மேலே எல்லாம் சரியானால் நாங்கள் தயார்" என்று அடியிலிருந்து உச்சிவரை உறுதி கொடுத்துக்கொண்டே போவார்கள். உச்சியில் ஒப்பந்தம் கட்டுப்பட்டதும், அங்கிருந்து படிப்படியாகக் கீழே வரை எல்லாம் கட்டுப்படும். நேரம் தவறினால் மறுநாள் முதலிலிருந்து. வழக்கமான முன்பணம் 10 சதவீதம். ஆனால் நடுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் கீழிருந்து வரும் முன்பணத்தையே மேலே தள்ளிவிடுகிறார்கள். எக்ஸ்சேஞ்சுக்குப் பிறகு பின்வாங்கினால் முன்பணம் போகும், நஷ்டஈடும் கேட்பார்கள். அன்றிலிருந்தே புது வீட்டுக்குக் காப்பீடு எடுத்துவிடுங்கள், எரிந்தாலும் இடிந்தாலும் பொதுவாக வாங்குபவர் பாடுதான்.

சாவி வாங்கும் தேதியும் அந்த எக்ஸ்சேஞ்சில்தான் உறுதியாகும், ஐந்து குடும்பமும் ஒத்துக்கொண்டால். அன்று பணம் அடியிலிருந்து கிளம்பி ஒவ்வொரு சொலிசிட்டர் கணக்காக ஏறும், நடுவில் ஒவ்வொருவருடைய பழைய கடனும் அடையும். வழக்கமான ஒப்பந்த நிபந்தனையில் பிற்பகல் 2 மணி கெடு. எங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்தபோது மணி 3:10. ஃபிளாட்டின் சாவியைக் காலையிலேயே கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமான் மொத்தமும் வேனில் இருக்க, சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். பணம் மாட்டிக்கொண்டால் திங்கள்வரை வங்கியில் எதுவும் நகராது. எங்களுக்கு அமைந்தது வெள்ளிதான், வேறு வழியில்லை.

செயினே வேண்டாம் என்றால் வழி உண்டு, காசுதான் வேண்டும். விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம்: இரண்டு முறை மூட்டை கட்ட வேண்டும், ஆனால் அடுத்து உங்களுக்கு வீடு விற்பவர் உங்களைத்தான் விரும்புவார். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்கலாம் என்றால் இரண்டு வீடு கணக்காகி ஸ்டாம்ப் டியூட்டி கூடும். எங்கள் காலத்தில் அந்தக் கூடுதல் வரி 3 சதவீதம், 2024 அக்டோபர் 31 முதல் 5. இங்கிலாந்தில் 4,00,000 பவுண்டு வீட்டுக்கு இன்றைய கணக்கில் சாதாரணமாக 10,000 கட்ட வேண்டிய இடத்தில் 30,000. மூன்று வருடத்துக்குள் பழைய வீட்டை விற்றால் அந்தக் கூடுதல் 20,000 திரும்பக் கிடைக்கும், ஆனால் முதலில் கையிலிருந்து வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு பேர் வந்தால், கொஞ்சம் விலை குறைவாகச் சொன்னாலும் விற்க வீடு இல்லாத ஆளுக்கே கொடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை வேனுக்கு விலை மட்டும் விசாரியுங்கள், பணம் கட்டாதீர்கள். நல்ல நாள் விஷயம்: எங்களுக்கு விழுந்த அந்த வெள்ளி அஷ்டமி. அம்மா போனில் பேசவே இல்லை. சாவியை வாங்கி, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் படுத்து, அஷ்டமி நவமி இரண்டு நாளும் அடுப்பைத் தொடாமல் கடைச் சாப்பாட்டில் ஓட்டிவிட்டு, ஞாயிறு தசமியில் பால் காய்ச்சினோம். அம்மாவும் வீடியோவில் வந்தார்.