அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள்

வணக்கம். ஆர்க்டிக்கில் உள்ள விராங்கல் தீவில்தான் கம்பளி யானைகள் (மாமூத்) கடைசியாக வாழ்ந்தனவா? அது யாருக்குச் சொந்தம்? 1921இல் அங்கே குடியேறப் போன நான்கு ஆண்களும் இறந்துவிட, கூடப் போன தையல்காரப் பெண் மட்டும் அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தாராமே?
ர.

அன்புள்ள ர.,

யானைகள் விஷயம் சரிதான். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே இருந்தன. தீவு ரஷ்யாவுடையது. சைபீரியக் கரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். மற்றதை நீங்களே தேடிப் படித்துக்கொள்ளலாம்.

ஆனால் 'அதிர்ஷ்டவசமாக' என்று எப்படி எழுத மனம் வந்தது? சில நாட்களாக நான் நினைத்துக்கொண்டே இருப்பது அந்தப் பெண், அடா பிளாக்ஜாக்கைத்தான். அலாஸ்காவின் இன்யுபியாக் பழங்குடிப் பெண், வயது 23. மகன் பென்னட்டுக்குக் காசநோய். வைத்தியத்துக்குப் பணம் வேண்டும் என்றுதான் மாதம் 50 டாலர் சம்பளத்துக்குக் கப்பல் ஏறினார்.

'தையல்காரப் பெண்' என்பதையும் ஏதோ எடுபிடி வேலை போல எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குளிரில் தோல் உடையின் தையல் பிரிந்தால் விரல் போகும், கால் போகும், ஆளே போவார். நீர் புகக்கூடாத இடத்தில் ஊசி தோலின் மறுபக்கம் வெளியே வராமல் பாதி கனத்திலேயே ஓட வேண்டும். நூல், விலங்கின் தசைநார். ஈரம் பட்டால் அது உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைமாற்றித் தந்த அறிவு இது. அது இல்லாமல் துருவத்தில் எந்த வீரனும் ஒரு குளிர்காலம் தாண்ட முடியாது. என் அம்மா இரவெல்லாம் மெஷின் மிதித்து எங்களைப் படிக்க வைத்தார். 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்றார்கள் உறவினர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் குரல்தான் கேட்டது.

சரி, அடாவுக்கு வருவோம். 1923 ஜனவரியில் மூன்று பேர் உதவி தேடிப் பனிக்கடல் மேல் சைபீரியாவுக்கு நடந்தார்கள், திரும்பவே இல்லை. மிச்சமிருந்த நான்காமவர் நைட், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) வந்து படுத்துவிட்டார். வேட்டையே தெரியாத அடா நரிக்குப் பொறி வைக்கக் கற்றார், துப்பாக்கி சுடக் கற்றார். படுக்கையில் கிடந்தபடி ஏசிய நைட்டுக்கு உணவும் கொடுத்தார். ஜூனில் அவரும் இறந்தார். வெண்கரடிகள் உலவும் அந்தத் தீவில், ஆகஸ்டில் கப்பல் வரும்வரை, அடா தன்னந்தனியாக இருந்தார். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

ஊர் திரும்பியதும் அந்தச் சம்பளப் பணத்தில் பென்னட்டைச் சிகிச்சைக்காக சியாட்டிலுக்கு அழைத்துப் போனார்.