பர்மிஷன் கேட்டவள் வாய் திறக்கக் கூடாதா?

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லராக இருக்கிறேன். ஒன்றரை வயது மகளை கம்பெனி காப்பகத்தில்தான் விடுகிறேன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் சூப்பர்வைசர் பர்மிஷன் தருவார். ஆனால் லைனில் ஒரு குறையைச் சொன்னால், "உனக்கு இவ்வளவு செய்தும் பேசுறியா?" என்கிறார். பேசாமல் இருப்பதுதான் நன்றியா அக்கா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இல்லைம்மா. காப்பகம் அவர் செய்த உதவியே இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோதே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்பதும் அதில் உண்டு. பர்மிஷன் கதை வேறு. அது அவர் மனசைப் பொறுத்தது, சிக்கலே அங்கேதான்.

நான் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பணியாளர் பிரிவில் இருந்தபோது குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஓடியது. ஊசி உடைந்தால் லைனை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு டெய்லர் உடைந்த முனை கிடைக்காமலே, யாரிடமும் சொல்லாமல், பக்கத்து மிஷினில் ஊசி வாங்கிப் போட்டுத் தைத்துவிட்டாள். நல்லவேளை, மெட்டல் டிடெக்டரில் மாட்டியது. கூப்பிட்டுக் கேட்டால், முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "முந்தாநாள்தான் பையனுக்குக் காய்ச்சல்னு சீக்கிரம் போனேன், இன்னைக்கு நானே லைனை நிறுத்தினா என்ன சொல்வாங்களோன்னு பயந்துட்டேன்." அவளிடம் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குக் கொடுத்த இரண்டு மணி நேரத்தை நாங்கள் கடனாகக் கொடுத்திருந்தோம், அவள் அதை வாயை மூடி அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் முதலாளியிடம் பேசி, மாதம் இரண்டு பர்மிஷன், காரணம் கேட்கக் கூடாது என்று எழுதிப் போர்டில் ஒட்டினோம். அதற்குப் பிறகுதான் மின்விசிறி ஓடவில்லை, பீஸ் கணக்கு இடிக்கிறது என்றெல்லாம் பெண்கள் தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். யாரிடமும் கடன்படாமல் வீட்டைப் பார்க்க முடிந்தபோது, முகத்தில் இருந்த பயமும் குறைந்தது.

நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். சாயங்காலம் காப்பகத்தில் பிள்ளையை எடுக்க வரும் மற்ற அம்மாக்களோடு சேர்ந்து, பர்மிஷனுக்கு எழுத்தில் விதி வேண்டும் என்று கேளுங்கள். அப்படியே, அப்பாக்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.