பாறையைப் பார்த்து வருஷம் சொல்லலாம்

கேள்வி: ஐயா, தாத்தாவின் தகரப் பெட்டியில் கன்னியாகுமரியில் எடுத்த இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தன. ஒன்றில் தாத்தாவும் எஸ்டேட் நண்பர்களும் கரையில் நிற்கிறார்கள். பின்னால் கடலில் இரண்டு பாறைகளும் மொட்டையாக இருக்கின்றன. இன்னொன்றில் பாட்டியும் யாரென்று தெரியாத ஓர் அம்மாவும். அதில் பெரிய பாறை மேல் மண்டபம் இருக்கிறது. பின்பக்கம் எதுவும் எழுதவில்லை. எந்த வருஷம் என்று கண்டுபிடிக்க முடியுமா? பூசணக் கறையை எடுத்து, கலர் போட்டுத் தருவதாக ஸ்டூடியோவில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் இரண்டையும் அப்படியே ஸ்கேன் செய்து வையுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாவது படம் சுலபம். விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பட்டது 1970 செப்டம்பரில். பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர் சிலைக்கான வேலை 1990-ல்தான் தொடங்கியது; 133 அடிச் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. மண்டபம் இருந்து, சின்னப் பாறை வெறுமையாக இருந்தால் அந்த இருபது வருஷத்துக்குள்தான் எடுத்திருக்க வேண்டும். பாட்டியின் தலைமுடியையும் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் ரவிக்கைக் கையையும் வைத்து உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நெருங்கிச் சொல்வார்கள். நான் ஊட்டியில் ஃபிலிமும் போட்டோ பேப்பரும் தயாரித்த எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஆலையில் பேப்பர் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். 1967 முதல் இங்கே உற்பத்தி நடந்தது. அந்தப் படம் எங்கள் ‘இந்து’ பேப்பரில் அச்சானதாகக்கூட இருக்கலாம் என்று நினைக்கும்போதே எனக்கு மனசு நிறைகிறது.

முதல் படம்தான் பொக்கிஷம். மண்டப வேலை அறுபதுகளின் நடுவில் தொடங்கிவிட்டது. ஆகவே படம் அதற்கு முந்தையது. இன்னும் பின்னால் போக முடியுமா என்று பார்க்க, படத்தின் ஓரங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கரையில் காந்தி மண்டபம் தெரிகிறதா? காந்தியின் வயதைக் குறிக்க 79 அடி உயரத்தில் கட்டியது, 1956-ல் முடிந்தது. அது நிற்க வேண்டிய இடம் படத்துக்குள் விழுந்தும் கட்டடம் இல்லையென்றால், தாத்தா போனது அதற்கும் முன்னால். அப்போது குமரி நம் மாநிலத்திலேயே இல்லை. 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. எஸ்டேட்டிலிருந்து கிளம்பி அடுத்த மாநிலத்துக்கே போய் வந்திருக்கிறார்கள்!

படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதையும் கண்டுபிடிக்கலாம். குளிக்கும் துறையில் பழைய கல் மண்டபம் ஒன்று இன்றும் இருக்கிறது. அதன் தூண்களும் கடல் பாறைகளும் படத்தில் எப்படி நேர்கோட்டில் விழுகின்றனவோ, அப்படி விழும் இடத்தில் போய் நில்லுங்கள். அங்கிருந்து இப்போது செல்போனில் எடுத்தால் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலமும் விழும். 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது அது. மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாறையின் விளிம்பு மட்டும் மாறியிருக்காது. நம் நீலகிரி மலையும் அந்தக் கடற்பாறையும் ஒரே இனக் கல்தான், சார்னோக்கைட். தாத்தா அதை அறிந்திருக்க மாட்டார், ஆனால் அந்தக் கருநீல நிறம் அவருக்குப் பழக்கப்பட்டதாக இருந்திருக்கும்.

சரி, ஸ்டூடியோ விஷயம். பாறை மேல் மங்கலாகத் தெரியும் ஒரு கோடு பூசணமாக இருக்கலாம், கட்டுமானத்துக்குப் போட்ட சாரமாகவும் இருக்கலாம். கறை என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டால் வருஷம் சொல்லும் சாட்சியே போய்விடும். கலர் போடுகிறவர் கடலுக்கு அவர் மனதில் உள்ள நீலத்தைத்தான் போடுவார். ஆசையாக இருந்தால் ஸ்கேன் பிரதியில் செய்துகொள்ளுங்கள். அசல் மேல் யார் கையும் படவேண்டாம்.

கேள்வி: கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய கல்யாணப் படம் மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: இழுக்காதீர்கள், தண்ணீரும் விடாதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின் ஊறி முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அடுத்த படத்துக்குச் சட்டம் போடும்போது, கண்ணாடியும் படமும் தொடாதபடி ஓரத்தில் தடிமனான அட்டை வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், நம் மலைகளில் அந்தச் சுவர்தான் அதிகம் ஊறும்.