ஊதச் சொல்பவரும் ஊதுபவரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஓர் இரவு, உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பிலிருந்து மகளுடன் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் வாகனச் சோதனை. நான் மது அருந்துவதே இல்லை. நிறுத்தியவுடன் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எதுவும் விசாரிக்காமல் ஊதச் சொன்னார்கள். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். மகள் அழுதுவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “குடிகாரன் வண்டியேற்றிக் கொன்ற பிள்ளையின் அப்பாவிடம் போய் உங்கள் உரிமையைப் பேசுங்கள்” என்றார் அதிகாரி. எந்தச் சந்தேகமும் இல்லாமல் எல்லோரையும் நிறுத்துவது அடிப்படை உரிமைக்கு எதிரானது இல்லையா? அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதற்குத் தடை உண்டாமே? இந்தச் சோதனைகளை அடியோடு நிறுத்தக் கோரி மனு தயாரிக்கிறோம். கையெழுத்திடுவீர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் முன்னால் உங்களுக்கு நடந்தது அவமதிப்பு. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் சோதனைகளை அடியோடு நிறுத்தச் சொல்லும் மனுவில் கையெழுத்திட மாட்டேன்.

நீங்கள் கேள்விப்பட்டது மிச்சிகன் மாநிலத்தைப் பற்றியதாக இருக்கலாம். 1986இல் அங்கே சாகினா மாவட்டத்தில் மாநிலப் போலீஸ் ஒரு சோதனை நடத்தியது. 75 நிமிடங்களில் 126 வாகனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் சராசரியாக 25 விநாடி நின்றது. குடித்துவிட்டு ஓட்டியதாக 2 பேர் கைதானார்கள். இதை எதிர்த்த வழக்கில் 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, சோதனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒருவர்மீது தனிப்பட்ட சந்தேகம் எதுவும் இல்லாமல் அவரை நிறுத்தலாமா என்ற உங்கள் கேள்விதான் மறுத்த நீதிபதிகளின் கேள்வியும். வழக்கு மிச்சிகனுக்கே திரும்பியபோது, 1993இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தங்கள் மாநில அரசியல் சாசனப்படி இது செல்லாது என்றது. இண்டியானாபொலிஸ் நகரம் இதே போலச் சாலையை மறித்துப் போதைப்பொருள் தேடியதையும் 2000இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாலைப் பாதுகாப்புக்காகக் கொடுத்த அனுமதியைப் பொதுவான குற்றத் தேடலுக்கு நீட்ட முடியாது என்பது அதன் நிலை.

எல்லோரையும் நிறுத்துவதை நான் ஏற்கிறேன். சந்தேகப்படுபவரை மட்டும் நிறுத்தலாம் என்று விட்டால் நம் ஊரில் யார் நிற்பார்கள்? பழைய பைக்கில் அழுக்குச் சட்டையோடு வரும் கூலித் தொழிலாளி நிற்பார். கறுப்புக் கண்ணாடி ஏற்றிய பெரிய கார் சலாம் வாங்கிக்கொண்டு போகும். வரிசையில் எல்லா வண்டியும் சில விநாடி நிற்பதே இதைவிட நியாயமானது.

நிறுத்துவது வேறு, ஊதச் சொல்வது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓட்டுநர் குடித்திருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால்தான் சீருடையில் உள்ள அதிகாரி மூச்சுப் பரிசோதனை கேட்கலாம். பேச்சில் குழறல், மதுவாடை, தாறுமாறாக வந்த வண்டி என ஏதாவது ஒன்று வேண்டும். உங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தாலே போதும், கருவிக்குத் தேவை இருந்திருக்காது. சாவியைப் பிடுங்கும் அதிகாரத்தையும், செல்போனில் படம் பிடித்து அவமானப்படுத்தும் அதிகாரத்தையும் இந்தப் பிரிவு யாருக்கும் தரவில்லை.

இனி அந்த அதிகாரி சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். பிள்ளையை இழந்தவர்களைக் கேடயமாகப் பிடிப்பவர்கள், அந்தக் குடும்பங்களைக் கைவிட்டது எது என்று பார்ப்பதில்லை. 1980இல் கலிபோர்னியாவில் கேண்டேஸ் லைட்னரின் 13 வயது மகள் சாலையோரம் நடந்து போகும்போது குடித்திருந்த ஒருவரின் கார் மோதி இறந்தாள். அவர் பிடிபடாமல் தப்பித்துத் திரிந்தவர் இல்லை. முன்பே இதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர். இன்னொரு வழக்கில் ஜாமீனில் வெளிவந்து சில நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் அந்தத் தாய், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான தாய்மார்கள் அமைப்பைத் தொடங்கினார்.

நம் நாட்டுக்கு வாருங்கள். டெல்லியில் 1999இல் பிஎம்டபிள்யூ கார் ஏறி ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் போலீஸ்காரர்கள். இறுதித் தீர்ப்பு வந்தது 2012இல். இடையில் முக்கியச் சாட்சியை வளைக்கப் பார்த்ததாக வழக்கறிஞர்களே நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானார்கள். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தனர். அன்றே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவது. ரத்த மாதிரியை மருத்துவமனையிலேயே மாற்றிவிட்டார்கள் என்று போலீஸ் குற்றம்சாட்டி, மருத்துவர்களைக் கைது செய்தது.

இந்தக் குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது நேரத்தில் எடுத்து, முத்திரையிட்டு, யாரும் கைவைக்க முடியாமல் காத்த ரத்தம். நம் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். மனித உடல் ஒரு மணி நேரத்தில் அதே 100 மில்லி ரத்தத்திலிருந்து ஏறத்தாழ 15 மில்லிகிராமைக் கரைத்துவிடும். இரண்டு மணி நேரம் தாமதித்தால் வரம்பின் அளவே காணாமல் போய்விடும். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்று 202ஆம் பிரிவு சொல்கிறது. கைதானவரின் உரிமைக்காக எழுதிய இந்த விதிதான் இறந்தவரின் குடும்பத்துக்குச் சாட்சியத்தையும் காத்துக் கொடுக்கிறது. முறையைத் தூக்கியெறியும் போலீஸ் உங்களை அவமதிக்கிறது. நீதிமன்றத்தில் அந்தத் தகப்பனையும் தோற்க வைக்கிறது. அந்த அதிகாரிக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் கையில் இருக்கிறது. டாஸ்மாக் பார் வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகள் எப்படி வீடு போய்ச் சேரும் என்று விற்பவருக்குத் தெரியாதா? சோதனை அந்த வாசலிலேயே தொடங்கட்டும்.

மனுவைத் திருத்தி எழுதுங்கள். எல்லா வண்டியையும் ஒரே மாதிரி நிறுத்த வேண்டும். சந்தேகத்துக்குப் பிறகே ஊதச் சொல்ல வேண்டும். காட்டிய அளவை அச்சிட்டு அங்கேயே கையில் தர வேண்டும். உயிர்ப்பலி நேர்ந்தால் ரத்த மாதிரி எடுத்த நேரம் முதல் ஆய்வகம் சேர்ந்த நேரம்வரை உள்ள பதிவின் நகலைக் கேட்கும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். இப்படி எழுதினால் கையெழுத்திடுகிறேன். சாவி பிடுங்கியதையும் படம் பிடித்ததையும் பற்றித் தேதி, நேரம், இடம் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தனியாகப் புகார் எழுதுங்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்