மழைக்கு முதல் ஏணியை எடுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பின்னேர இடி தொடங்கினால் எனக்குக் கடிதங்களும் தொடங்கிவிடும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் கேள்வியைக் காணவில்லை என்றால் அதன் பதில் பக்கத்து வீட்டுக் கேள்வியில் இருக்கும்.

கேள்வி: கூரை ஒழுகுகிறது. என்ன பூசலாம்? (தெஹிவளை)

என்ன கூரை? ஓடா, சீற்றா, கொன்கிறீற் தட்டா? அதை எழுதாமல் என்ன பூசலாம் என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல? சரி, ஓடு என்று வைத்துக்கொள்கிறேன். பூச்சை மறந்துவிடுங்கள். நான் பார்த்த ஒழுக்குகளில் முக்கால்வாசி முகட்டோட்டுச் சாந்து வெடித்ததால் வந்தவை, இல்லாவிட்டால் பீலி அடைத்து நீர் பின்பக்கமாகக் கூரைக்குள் ஏறியதால் வந்தவை. வெயில் நாளில் பீலியின் ஒரு முனையில் இரண்டு வாளி நீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் வேலை. மழையில் ஏணியில் ஏற வேண்டாம். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: காற்றுக்குச் சீற் படபடக்கிறது. மேலே மண்மூட்டை வைத்தால் போதுமா? (மட்டக்குளி)

போதாது. காற்று சீற்றை அமுக்குவதில்லை, தூக்குகிறது. முதலில் கிளம்புவது ஓர வரிசையும் முகட்டு வரிசையும்தான். அங்கே உள்ள ஆணிகளைப் பாருங்கள். வொஷர் காய்ந்து வெடித்திருக்கும், ஆணி துருவேறியிருக்கும். அவற்றை மாற்றி, ஓரங்களில் ஆணியைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் என்றால் அதில் நேராகக் கால் வைக்கக் கூடாது, பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். துளை போடுகிற இடத்தை நனைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாதது.

கேள்வி: யன்னல் கண்ணாடியில் குறுக்காக டேப் ஒட்டினால் உடையாதா? (பம்பலப்பிட்டி)

உடையும், பெரிய பெரிய துண்டாக. டேப்பை விட்டுவிட்டு பல்கனிப் பூச்சாடிகளை உள்ளே எடுங்கள். ஐந்தாம் மாடியிலிருந்து ஒரு சாடி விழுந்தால் கீழே போகிறவருக்கு அதுதான் புயல்.

கேள்வி: கொழும்புக்குத்தான் புயல் வருவதில்லையே, ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? (கொலன்னாவை)

கொலன்னாவையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள்! 1978இல் புயல் மட்டக்களப்பில் ஏறியது உண்மைதான். ஆனால் நமக்கு வருவது காற்றைவிட நீர். 2016 மே மாதமும் 2025 நவம்பரில் டிட்வா புயலின்போதும் களனி கங்கை எப்படி வந்தது என்று உங்கள் வீட்டுச் சுவரே சொல்லும். மலையில் பெய்த மழை இங்கே வந்து சேரும்போது நம் வானம் வெளித்திருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். களனியின் நீர்மட்டத்தை அளக்கிற நாகலகம் வீதி அளவுகோலைக் கவனியுங்கள்: 5 அடி சிறுவெள்ளம், 7 அடி பெருவெள்ளம். 5ஐத் தொடும் முன்பே உறுதிப் பத்திரங்கள், மருந்து, காஸ் சிலிண்டர் எல்லாம் மேலே ஏறியிருக்க வேண்டும். மெயின் சுவிட்சை நிலம் காய்ந்திருக்கும்போதே நிறுத்துங்கள்.

கேள்வி: முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் போட்டோம். இப்போது மழை நீர் வாசற்படி வரை வருகிறது. கானை அகலமாக்கலாமா? மதிலோரம் ஒரு மாமரமும் நிற்கிறது, காற்றுக்கு அதையும் நினைத்துப் பயமாக இருக்கிறது. (வெள்ளவத்தை)

இரண்டு கேள்வி என்று நினைக்கிறீர்கள். இது ஒரே கேள்வி.

உங்கள் முற்றம் நாலு பேர்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறத்தாழ 100 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அதில் விழுவது 10,000 லீற்றர், அதாவது மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லீற்றர்த் தாங்கி பத்து. 2010 நவம்பரில் கொழும்பில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது, நாற்பது தாங்கி! முன்பு இதில் ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது கல்லுக்குக் கீழே இடித்து இறுக்கிய கல்தூள், கல்லுக்கு நடுவில் "புல் முளைக்காமல்" சீமெந்து. நீர் எங்கே போகும்? கானை எவ்வளவு அகலமாக்கினாலும் அது போய்ச் சேருகிற தெருக்கான் அதே தெருக்கான்தான்.

இனி மாமரம். என் மைத்துனர் வீட்டிலும் இதே கதை. கல் போட வந்த பாஸ் "வேர் தூக்கிவிடும் ஐயா" என்று மரத்துக்கு ஒன்றரை அடியில் நேர்கோடாக வெட்டினார். இலை ஒன்றும் வாடவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு மே மாதக் காற்றில் மரம் மதிலோடு அடுத்த வளவுக்குள் படுத்தது. போய்ப் பார்த்தேன். குழியின் ஒரு பக்கத்தில் வேர்கள் பிய்ந்து நார் நாராக நின்றன. மறுபக்கத்தில் கை மொத்தத்தில் நாலு வேர், பாண் வெட்டின மாதிரி, வெட்டுமுகம் கறுத்துப் போய். 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு எந்த மரத்தை வெட்டலாம் என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதவர் இல்லை. வேருக்கு என்ன செய்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மரத்தைச் சுற்றி ஐந்தாறு அடிக்குக் கல்லைக் கிளப்புங்கள். மதிலோரம் இரண்டடி மண்பட்டி விட்டு வெட்டிவேரோ கல்வாழையோ நடுங்கள். மற்றக் கற்களுக்கு இடையிலுள்ள சீமெந்தைச் சுரண்டி மணல் போடுங்கள். மதிலின் அடியில் நீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தடி மண் ஒரு பக்கம் வெடித்து எழும்பியிருந்தால், அடியில் காளான் முளைத்திருந்தால், தெரிந்த ஆளை உடனே கூப்பிடுங்கள். அப்படி இல்லையென்றால் உள்கிளைகளை ஐதாக்கினால் போதும். மொட்டையடிக்க வேண்டாம். மொட்டையில் முளைக்கிற கிளைக்குப் பிடிப்பு இல்லை, அடுத்த காற்றுக்கு அதுதான் முறியும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் நிற்கிற பலாவை வெட்டிவிடலாமா? (வத்தளை)

பலா, ஈரப்பலா இரண்டுக்கும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். கிளை மின்கம்பியில் முட்டினால் கத்தியோடு ஏறாமல் மின்சாரக்காரரை அழையுங்கள்.

கேள்வி: மொட்டைமாடித் தாங்கி காற்றில் பறக்குமா? (கொட்டாஞ்சேனை)

வெறும் தாங்கி பறக்கும், நிரம்பியது ஒரு தொன். முதல் நாளே நிரப்புங்கள்.

கேள்வி: மின்சாரம் போனால் ஜெனரேட்டரைச் சமையலறையில் வைத்து ஓட்டலாமா, யன்னல் திறந்துதான் இருக்கும். (கிராண்ட்பாஸ்)

கூடாது. யன்னல் திறந்தாலும் கூடாது. அந்தப் புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு (காபனோரொட்சைட்டு) மணமும் இல்லை, ஆளை எழுப்பவும் செய்யாது.

கேள்வி: கிழிந்த கூரைக்குத் தறப்பாள் போட்டிருக்கிறோம். எத்தனை நாள் தாங்கும்? (முகத்துவாரம்)

தறப்பாள் தாங்கும், அதன் மடிப்பில் தேங்குகிற நீரில் நுளம்பு ஒரு வாரத்தில் வரும். சரிவாக இழுத்துக் கட்டுங்கள். டெங்கு வந்தபின் கூரையை யார் பார்ப்பது?

கேள்வி: நல்ல ஏணி ஒன்று வாங்க வேண்டும். எத்தனை அடி வாங்கலாம்? (வெள்ளவத்தை)

பீலிக்கு மேல் மூன்றடி நீட்டி நிற்கிற அளவு. மழையில் ஏறுவதற்கென்றால் சொல்ல மாட்டேன்.