லேப்டாப் ஃபேன்: மாற்றுவதா, சுத்தம் செய்வதா?

கேள்வி: ஆன் செய்ததும் ஃபேனில் சத்தம் வருகிறது. மாற்றியே ஆக வேண்டுமா?

எந்த மாதிரிச் சத்தம் என்பதை முதலில் கவனியுங்கள். கரகரவென்று உரசுகிறது, லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தால் கூடுகிறது அல்லது நின்றுவிடுகிறது என்றால் பேரிங் (ஃபேனின் அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பாகம்) தேய்ந்துவிட்டது. எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி தொடங்கும். புது ஃபேன்தான் வழி.

வெறும் காற்றிரைச்சல் மட்டும்தான், ஆனால் பக்கவாட்டுத் துவாரத்தில் காற்று சரியாக வரவில்லை என்றால் அநேகமாக ஃபேன் மேல் தப்பில்லை. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக பாகம்) தகடுகளுக்கும் நடுவே தூசி படலமாக அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது. ஃபேனின் மேல் தகட்டைக் கழற்றினால் கையாலேயே உரித்து எடுக்கலாம். ப்ளோயர் பிடிப்பதானால் இறக்கை சுழலாதபடி ஒரு குச்சியால் தடுத்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழலவிட்டால் நல்ல பேரிங்கும் போய்விடும்.

கேள்வி: மாடல் பெயரைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன், பொருந்தவில்லை. ஏன்?

மாடல் பெயரை நம்பி ஃபேன் வாங்கக் கூடாது. ஒரே பெயரில், தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை வரும். இரண்டுக்கும் ஃபேன் வேறாக இருக்கலாம். முதலில் திறந்து, பழைய ஃபேனின் ஸ்டிக்கரை போட்டோ எடுங்கள். பார்ட் நம்பரும் வோல்ட், ஆம்பியரும் அதில் இருக்கும். பெரும்பாலானவை 5 வோல்ட். சில கேமிங் லேப்டாப்களில் 12 வோல்ட். வயர்களையும் எண்ணுங்கள். நான்கு இருந்தால் இரண்டு கரண்டுக்கு, ஒன்று ஃபேன் சுற்றும் வேகத்தை போர்டுக்குச் சொல்ல, இன்னொன்று அந்த வேகத்தைக் கட்டுப்படுத்த. ஃபேன் இரண்டு உள்ள லேப்டாப்பில் இடது வேறு, வலது வேறு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் பழைய ஃபேனைக் கையோடு கொண்டுபோவதே உத்தமம்.

கேள்வி: என் லேப்டாப் லெனோவோ திங்க்பேட் டி480. ‘ஃபேன் எரர்’ என்று காட்டி அணைந்துவிடுகிறது. நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் இதில் ஃபேனும் ஹீட்சிங்கும் ஒரே பாகம். அதனால் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பசை), பழையதைத் துடைக்க ஐசோப்ரோபைல் ஆல்கஹால் இரண்டையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜரைக் கழற்றுங்கள், பின்பக்க பேட்டரியை எடுங்கள். உள்ளே இன்னொரு பேட்டரி உண்டு, மறந்துவிடாதீர்கள். பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய செட்டிங்ஸ் திரை) போக முடிந்தால் அங்கேயே அதை டிஸேபிள் செய்யலாம். முடியாவிட்டால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரைப் பிடுங்குங்கள். அடி மூடியின் ஸ்க்ரூக்கள் முழுதாக வெளியே வராது, மூடியிலேயே தொங்கும். இழுத்துப் பார்க்க வேண்டாம். ஓரங்களைக் கிட்டார் பிக் அல்லது பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினால் போதும்.

திறந்ததும் நேராகக் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். ஏதாவது வயர் நகர்ந்து இறக்கையில் சிக்கியிருக்கிறதா, ஃபேன் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அதுவே காரணமானால் செலவே இல்லை.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் எண்கள் பொறித்திருக்கும். போடும்போது 1, 2, 3 என்ற வரிசையில், கழற்றும்போது தலைகீழாக. ஒன்றை மட்டும் முழுதாக முறுக்கினால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் பாதி பாதியாக முறுக்கி, அடுத்த சுற்றில் இறுக்குங்கள்.

கேள்வி: பேஸ்ட் எவ்வளவு வைப்பது?

சிப்பின் பளபளப்பான பரப்பின் நடுவே ஒரு பச்சைப்பயறு அளவு. நீள்வாக்கான சிப் என்றால் மெல்லிய கோடாக இழுங்கள். சுற்றியுள்ள சிப்களில் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் ஒட்டியிருந்தால் அங்கே பேஸ்ட் தடவாதீர்கள், இடைவெளியை அது நிரப்பாது. கிழிந்திருந்தால் அதே தடிமனில் புதிது போடுங்கள். 0.5 மி.மீ. இருந்த இடத்தில் 1 மி.மீ. வைத்தால் ஹீட்சிங்க் பிராசஸரில் படியாது.

கேள்வி: மாற்றிவிட்டேன், புது ஃபேன் சுற்றவே இல்லை.

பல லேப்டாப்களில் சூடு ஏறும் வரை ஃபேன் சும்மாதான் இருக்கும். ஒரு பெரிய வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் கனெக்டர் பாதிதான் உட்கார்ந்திருக்கும். சில மேலிருந்து அழுத்துபவை, சில பக்கவாட்டில் செருகுபவை. மாற்றி இழுத்தால் சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்துவிடும், பிறகு சால்டரிங்தான். ஃபேன் சுற்றியும் பிராசஸர் சூடு சில நொடியிலேயே 95 டிகிரியைத் தொடுகிறதா? புது ஹீட்சிங்கின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.