மேலங்கியும் குத்துவாளும்

கேள்வி: ஒற்றாடலைப் பற்றிய கதைகளையும் செய்திகளையும் ஆங்கிலத்தில் 'குளோக் அண்ட் டேகர்' என்கிறார்கள். மேலங்கிக்கும் குத்துவாளுக்கும் உளவாளிகளுக்கும் என்ன தொடர்பு?

பதில்: தொடக்கத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தக் கூட்டுச்சொல்லின் வேர் 17ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் நாடக மேடையில் இருக்கிறது. அங்கே குத்துவாளின் இடத்தில் வாள்தான் இருந்தது. கனவான்கள் தெருவில் நடமாடும்போது அணிந்த மேலங்கியும் இடையில் தரித்த வாளுமே நடிகர்களின் உடையாகவும் அமைந்ததால், காதல், மானம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றை வைத்துப் பின்னிய அந்த நாடகங்களுக்கு 'காபா இ எஸ்பாதா', அதாவது 'மேலங்கியும் வாளும்' என்ற பெயர் ஏற்பட்டது. ஸ்பானிய நாடக ஆசிரியர் கால்தெரோன் 1629இல் எழுதிய 'லா தாமா துவெந்தே' நாடகத்தில், சகோதரர்களின் கட்டுக்காவலில் இருக்கும் இளம் விதவை ஒருத்தி, நகர்த்தக்கூடிய அலமாரி மறைத்திருக்கும் வழியாக விருந்தாளியின் அறைக்குள் நுழைந்து, கடிதம் ஒன்றை வைத்துவிட்டு மறைந்துவிடுகிறாள். அதில் ஒற்றர் எவரும் இல்லை. ஆயினும் பிற்கால உளவுக் கதைகளுக்கு வேண்டிய ரகசிய வழியும் மறைமுகக் கடிதமும் அப்போதே வந்துவிட்டன.

பிரெஞ்சு மொழியிலும் வாள் வாளாகவே நின்றது; குத்துவாளாக மாறியது ஆங்கிலத்தில்தான். டிக்கன்ஸின் 'பார்னபி ரட்ஜ்' (1841) நாவலில், ரகசியச் சந்திப்பு கோரும் அழுக்கேறிய துண்டுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளும் கனவான், அதைக் கொண்டுவந்தவன் மேலங்கியும் குத்துவாளுமாகவா வந்தான் என்று பணியாளிடம் கேட்கிறார். இந்த மாற்றம் மிகப் பொருத்தமானது என்றே கருதுகிறேன்: வாளை ஊரறிய அணியலாம், குத்துவாளையோ மேலங்கிக்குள் மறைக்கலாம். 'மேலங்கிக்கடியில் கத்தியுடன் புன்னகைப்பவன்' என்று 14ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சாசர் வஞ்சகத்தைச் சித்திரித்த மொழி அல்லவா ஆங்கிலம்!

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா நடத்திய ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பைப் பற்றி 1946இல் வெளிவந்த நூலும் திரைப்படமும் இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டன. அதே ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, வெள்ளை மாளிகையின் மதிய விருந்தில், அதிபர் ட்ரூமன் தம் படைத்துறை ஆலோசகர் லேஹிக்கும், புதிய மத்தியப் புலனாய்வுக் குழுவின் தலைவர் சிட்னி சூவர்ஸுக்கும் கறுப்பு மேலங்கி, கறுப்புத் தொப்பி, மரத்தாலான குத்துவாள் ஆகியவற்றை வழங்கினார். லேஹி இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குழுவின் இடத்தில்தான் 1947இல் சி.ஐ.ஏ. உருவாயிற்று.